டீயில் ஊறும் பழ ரொட்டி: வேல்ஸின் பாரா பிரித்தை வீட்டில் சுடுவது எப்படி?

வீட்டுக்குப் புதிதாக ஓவன் வந்ததும் பெரும்பாலானவர்கள் ஸ்பாஞ்ச் கேக்கில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதற்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க வேண்டும். முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உள்ளே சேர்ந்த காற்று போய்விடாமல் மாவைக் கலக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் பிசகினாலும் கேக் நடுவில் அமுங்கிவிடும். இரண்டு தடவை அப்படி ஆனால் மனம் விட்டுப்போகும். ஓவன் பரணுக்குப் போய்விடும்.

புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்றுதான். பாரா பிரித்தில் தொடங்குங்கள். இது வேல்ஸ் நாட்டின் பழ ரொட்டி. உலர்ந்த பழங்களை இரவு முழுக்க டீயில் ஊறவைத்து, மறுநாள் மாவோடு கலந்து சுட வேண்டும். இதற்கு பீட்டர் வேண்டாம், வெண்ணெய் அடிக்க வேண்டாம், மாவு பிசைய வேண்டாம். ஒரு பெரிய பாத்திரமும் ஒரு மரக்கரண்டியும் இருந்தால் போதும். கைவேலை அரை மணி நேரத்தைத் தாண்டாது. மீதி எல்லாம் காத்திருப்பதுதான். அந்தக் காத்திருப்பு எதற்காக என்று புரிந்துகொண்டால் இந்த ரொட்டி தவறவே தவறாது.

எங்கிருந்து வந்தது?

வேல்ஸின் பண்ணை வீடுகளில் ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள்தான் ரொட்டி சுடுவார்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பில் விறகை எரித்து, செங்கல்லை நன்றாகச் சூடேற்றி, தணலை வெளியே இழுத்துவிட்டு, அந்தச் சூட்டில் வாரம் முழுவதற்குமான ரொட்டியைச் சுட்டு எடுப்பார்கள். பிசைந்த மாவில் ஒரு பங்கை எடுத்துவைத்து, அதில் கொழுப்பு, சர்க்கரை, உலர் திராட்சை, கொஞ்சம் மசாலா சேர்த்து இன்னொரு தடவை பிசைவார்கள். தினசரி ரொட்டி வெந்து முடிந்து அடுப்பு சற்றுத் தணிந்த பிறகு இந்த இனிப்பு ரொட்டி உள்ளே போகும். பாரா பிரித்தின் பழைய வடிவம் அதுதான். அந்த மாவு ஈஸ்ட்டால் பொங்கியது. கடையில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் வீட்டில் காய்ச்சிய பீரின் மேல் திரளும் நுரையே ஈஸ்ட்டாகப் பயன்பட்டது.

ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. வீட்டில் மாவைப் பிசைந்து தெருவில் இருந்த பேக்கரிக்கு எடுத்துப்போவார்கள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பேக்கரிக்காரர் சுட்டுக் கொடுப்பார். அபெரிஸ்ட்வித் நகரில் இருந்த அப்படிப்பட்ட பேக்கரி ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் அருகே உள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். இன்றும் அது இயங்குகிறது. அங்கே பாரா பிரித் விலைக்குக் கிடைக்கும். அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மின்வெல் டிபட் என்ற ஆய்வாளர் வேல்ஸ் முழுவதும் சுற்றி, மூத்த பெண்களின் வாய்மொழியாகப் பழைய சமையல் முறைகளைப் பதிவு செய்தார். 1976-இல் அவை புத்தகமாக வந்தன. வீட்டுக்கு வீடு, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட பல பழக்கங்கள் அவருடைய உழைப்பால் இன்றைக்கும் எழுத்தில் நிற்கின்றன.

ஈஸ்ட் ரொட்டியாக இருந்த பாரா பிரித் டீ ரொட்டியாக மாறியதற்கு இரண்டு பொருட்கள் மலிந்தது முக்கியமான காரணம். ஒன்று டீ. 1784-இல் பிரிட்டிஷ் அரசு டீ மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. அடுத்த நூற்றாண்டில் அஸ்ஸாமிலும் இலங்கையிலும் தோட்டங்கள் பெருகின. கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் வணிக நோக்கில் டீ பயிரிடத் தொடங்கினார். அந்த மலைகளில் காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். வேல்ஸின் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலையில் டீ கிடைத்ததற்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. இரண்டாவது பொருள் சர்க்கரை. பிரிட்டனில் சர்க்கரை மீதான வரி 1874-இல் முழுவதும் நீக்கப்பட்டது.

மாவைப் பொங்கவைக்கும் வேலையும் எளிதாயிற்று. ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் பர்மிங்ஹாமில் பேக்கிங் பவுடர் ஒன்றை உருவாக்கினார். 1845-இல் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ், பொங்கவைக்கும் பொருளை முன்கூட்டியே கலந்த மாவுக்குக் காப்புரிமை பெற்றார். பிசைந்துவிட்டுப் பொங்கும் வரை மணிக்கணக்கில் காத்திருந்த வேலை, பையிலிருந்து மாவைக் கொட்டிக் கலக்கும் வேலையாகச் சுருங்கியது. இன்றைக்கு வேல்ஸ் வீடுகளில் அதிகம் சுடப்படுவது இந்த எளிய வகைதான். மார்ச் 1 அன்று வரும் புனித டேவிட் நாளிலும், கிறிஸ்துமஸ் காலத்திலும், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அது மேசைக்கு வந்துவிடும்.

வேல்ஸ் மக்கள் போன இடத்துக்கெல்லாம் இந்தப் பழக்கமும் போயிற்று. 1865-இல் மிமோசா என்ற கப்பலில் சுமார் 150 பேர் அர்ஜென்டினாவின் பாட்டகோனியாவில் போய் இறங்கினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழும் சுபுட் பள்ளத்தாக்கில், கைமன் என்ற ஊரின் டீக்கடைகளில் இன்றும் பழமும் கொட்டைகளும் நிறைந்த கறுப்பு கேக் டீயோடு பரிமாறப்படுகிறது. அயர்லாந்தின் பார்ம்பிராக்கும் இதற்கு நெருங்கிய உறவு. ஹாலோவீன் இரவில் அதற்குள் ஒரு மோதிரத்தை வைத்துச் சுடுவார்கள். யாருடைய துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு விரைவில் கல்யாணம் என்பது நம்பிக்கை. யார்க்‌ஷைரிலும் டீயில் ஊறிய பழ ரொட்டி உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

பழத்தை ஏன் ஊறவைக்க வேண்டும்?

இந்த ரொட்டியின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பச்சைத் திராட்சையில் சுமார் 80 சதவீதம் நீர். உலர்ந்த திராட்சையில் எஞ்சியிருப்பது சுமார் 15 சதவீதம்தான். 1 கிலோ உலர் திராட்சைக்கு 4 கிலோவுக்கும் மேல் பச்சைத் திராட்சை வேண்டும். அவ்வளவு வறண்ட பழம், மிச்சமிருக்கும் சர்க்கரையின் இழுவிசையால் பக்கத்தில் எங்கே ஈரம் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஊறவைக்காமல் மாவில் போட்டால் மாவிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுவிடும். சுடும்போதும் சுட்ட பிறகும் இது தொடரும். முடிவில் ரொட்டி உதிரும். பழமும் கடினமாகவே இருக்கும்.

முதல் நாள் இரவே பழத்துக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துவிட்டால் நிலைமை நேர்மாறாகிறது. ஊறிய பழம் மாவிடம் ஈரம் கேட்காது. நாள் போகப்போகத் தன்னிடம் உள்ளதைச் சுற்றியிருக்கும் ரொட்டிக்குக் கொடுக்கவும் செய்யும். பாரா பிரித் வெண்ணெயோ எண்ணெயோ இல்லாமலே பல நாள் மிருதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீரில் ஊறவைத்தால் போதாதா, டீ எதற்கு? உலர் பழமும் சர்க்கரையும் சேர்ந்தால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். டீயில் உள்ள டானின் நாக்கில் லேசான துவர்ப்பை உண்டாக்குகிறது. அந்தத் துவர்ப்பு தித்திப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. மாவுக்கு ஆழ்ந்த பழுப்பு நிறமும் வருகிறது. பால் சேர்த்தால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு மங்கிவிடும். ஆகவே பால் கலக்காத, நன்றாக இறங்கிய டிகாஷன்தான் வேண்டும்.

தேவையான பொருட்கள்

900 கிராம் லோஃப் டின் ஒன்றுக்கான அளவு இது. சுமார் 14 துண்டுகள் வரும். கப் கணக்கை நம்பாமல் டிஜிட்டல் தராசில் நிறுத்து எடுங்கள். மாவை அழுத்தி அளப்பதா, தளர்வாக அளப்பதா என்ற குழப்பமே வராது.

- உலர் பழங்கள்: 300 கிராம்
- சூடான டிகாஷன்: 250 மில்லி
- நாட்டுச் சர்க்கரை: 150 கிராம்
- மைதா: 250 கிராம்
- பேக்கிங் பவுடர்: 2½ டீஸ்பூன்
- உப்பு: ¼ டீஸ்பூன்
- பட்டைத்தூள்: 1 டீஸ்பூன்
- சுக்குத்தூள்: ¼ டீஸ்பூன்
- துருவிய ஜாதிக்காய்: ¼ டீஸ்பூன்
- கிராம்புத்தூள்: ஒரு சிட்டிகை
- முட்டை: 1
- ஆரஞ்சுத் தோல் துருவல்: ஒரு பழத்தினுடையது (விருப்பப்பட்டால்)
- மேலே தடவத் தேன்: 1 டேபிள்ஸ்பூன்

பழங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேல்ஸில் சின்னக் கறுப்புத் திராட்சை, பெரிய உலர் திராட்சை, பொன்னிறத் திராட்சை மூன்றையும் கலந்து, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பொன்னிறக் கிஸ்மிஸ் 150 கிராம், விதையில்லாத கறுப்பு உலர் திராட்சை 150 கிராம் எடுத்தால் அந்தச் சுவை பெரிதும் வந்துவிடும். கறுப்புத் திராட்சையில் விதை இருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள். விதை பல்லில் மாட்டினால் ரொட்டியின் சுகமே போய்விடும். 50 கிராம் அளவுக்கு நறுக்கிய பேரீச்சையோ உலர்ந்த அத்தியோ மாற்றிச் சேர்க்கலாம். டூட்டி ஃப்ரூட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் பழத்தின் புளிப்பு கிடையாது, சர்க்கரைதான் இருக்கிறது. பழத்தைக் காம்பு நீக்கி ஒரு தடவை அலசிவிடுங்கள். சில்லறையில் வாங்கும் கிஸ்மிஸில் மண் இருக்கும்.

டீ எதுவாகவும் இருக்கலாம். வடிகட்டும்போது கடுப்பாக இருந்தால் போதும். டஸ்ட் டீ 2 டீஸ்பூன் போட்டு, கொதிக்கும் தண்ணீர் 275 மில்லி ஊற்றி, மூடி 5 நிமிடம் வையுங்கள். தூள் உறிஞ்சியது போக 250 மில்லி கிடைக்கும். அடுப்பில் வைத்து நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். அளவு மீறிய துவர்ப்பு கசப்பில் போய் முடியும்.

வேல்ஸில் வெல்லப்பாகு நீக்காத பழுப்புச் சர்க்கரை சேர்ப்பார்கள். நாட்டுச் சர்க்கரை அதற்கு ஈடுகொடுக்கும். கருப்பட்டி பிடித்தவர்கள் பாதி அளவுக்கு மட்டும் அதைச் சேர்க்கலாம். முழுவதும் கருப்பட்டியாகப் போட்டால் டீயின் மணம் அமுங்கிவிடும். ஏலக்காயும் அப்படித்தான். அது நல்ல வாசனைதான், ஆனால் இந்த ரொட்டியின் வாசனை அதுவல்ல. பட்டையும் ஜாதிக்காயும் முன்னால் நிற்கட்டும்.

முதல் நாள் இரவு

டிகாஷனை வடிகட்டிச் சூடாக இருக்கும்போதே நாட்டுச் சர்க்கரையைப் போட்டுக் கரையுங்கள். கரைந்ததும் இன்னொரு முறை வடிகட்டுங்கள். சர்க்கரையில் தூசி, மண் இருந்தால் போய்விடும். அலசிய பழங்களின் மேல் இதை ஊற்றிக் கலந்து மூடி வையுங்கள். சூடாக ஊற்றுவது முக்கியம். சூட்டில் பழத்தின் தோல் இளகி ஈரத்தை வேகமாக உள்ளே விடும்.

8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். கோடையில் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். சர்க்கரையும் பழமும் சேர்ந்த நீர் நம் வெயிலில் புளித்துவிடும். மறுநாள் மாலைதான் சுட முடியும் என்றால் காலையில் ஃப்ரிட்ஜில் வைத்து, சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். காலையில் மூடியைத் திறந்தால் பழங்கள் உப்பி, பாத்திரத்தில் கொஞ்சம் டீப் பாகு மிஞ்சியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். மாவைக் கரைப்பதற்கு உரிய நீர் அதுதான்.

மறுநாள் காலை

1. ஓவனை 160 டிகிரி செல்சியஸில், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் சூடாகும்படி வைத்து, 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 145 முதல் 150 டிகிரி போதும்.

2. டின்னில் லேசாக எண்ணெய் தடவி, பட்டர் பேப்பரை அடியிலும் நீளப் பக்கங்கள் இரண்டிலும் படும்படி விரியுங்கள். பேப்பரின் இரு ஓரங்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு ரொட்டியைத் தூக்கி எடுக்க அது உதவும்.

3. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாத் தூள்கள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் தேங்கினால் அந்த இடம் மட்டும் பொங்கும், சுவையும் கெடும்.

4. முட்டையை உடைத்து முள்கரண்டியால் அடித்து, ஊறிய பழத்தில் சேர்த்துக் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோல் துருவலையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். துருவும்போது மேல்தோலோடு நிறுத்துங்கள். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

5. சலித்த மாவை ஒரே தடவையில் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கலக்குங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் கிளறினால் மைதாவிலுள்ள குளூட்டன் இறுகி ரொட்டி ரப்பர் மாதிரி ஆகும். கலந்த மாவு வடை மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியைத் தூக்கினால் மெதுவாக நழுவி விழும் பதத்தில் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் டிகாஷனோ தண்ணீரோ சேர்க்கலாம். மாவு கெட்டியாக இருப்பதால்தான் பழம் அடியில் போய்ச் சேராமல் அங்கங்கே நிற்கிறது.

6. மாவை டின்னில் கொட்டி மேற்பரப்பைச் சமப்படுத்தித் தாமதிக்காமல் ஓவனில் வையுங்கள். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும். வெளியே காத்திருந்தால் அந்த வாயு வீணாகப் போகும்.

7. 70 முதல் 85 நிமிடம் சுடுங்கள். 45-ஆவது நிமிடத்தில் மேற்புறம் நன்றாகச் சிவந்திருந்தால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாக மேலே போர்த்துங்கள். அதற்கு முன்னால் ஓவன் கதவைத் திறக்க வேண்டாம்.

8. வெந்ததைப் பார்க்க மெல்லிய குச்சியை நடுவில் செருகி எடுங்கள். ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். குச்சி பழத்தில் குத்தினால் பிசுக்கென்று ஒட்டும். அதை வேகாத மாவு என்று எண்ணிவிடாமல் வேறு இரண்டு இடங்களிலும் குத்திப் பாருங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

9. வெளியே எடுத்ததும் சூடாக இருக்கும் மேற்புறத்தில் தேனைத் தடவுங்கள். 15 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். பிறகு பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித் தட்டில் வைத்து முழுவதும் ஆறவிடுங்கள்.

160 டிகிரி என்ற மிதமான சூட்டைப் பார்த்து யாரும் அவசரப்பட வேண்டாம். சர்க்கரையும் பழமும் மிகுந்த, கனமான மாவு இது. 180-க்கு ஏற்றினால் மேலே கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். ரொட்டியெல்லாம் வெந்து தணிந்த அடுப்பில் வேல்ஸ் பெண்கள் இதை வைத்ததும் இந்தக் காரணத்துக்குப் பொருந்தி வருகிறது.

இன்னொரு காத்திருப்பு

வாசனை வீடு முழுக்க நிறைந்திருக்கும். ஆனாலும் அன்றைக்கே வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சூடான ரொட்டியில் மாவுச்சத்து இன்னும் இறுகியிருக்காது. கத்தி பட்டதும் உதிரும். முழுவதும் ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். அந்த ஒரு நாளில் பழத்தின் ஈரம் ரொட்டிக்குள் பரவும். மேலோட்டின் மொறுமொறுப்பு இளகும். மசாலாவின் காரம் தணிந்து எல்லாச் சுவையும் ஒன்றோடொன்று கலக்கும். முதல் நாள் ரொட்டியையும் இரண்டாம் நாள் ரொட்டியையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பல் வைத்த ரொட்டிக் கத்தியால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். பழுப்பு நிற ரொட்டியில் கறுப்பும் பொன்னிறமுமாகப் பழப் புள்ளிகள் தெரியும். வேல்ஸில் இதை உப்பு வெண்ணெய் தடவித்தான் சாப்பிடுவார்கள். மாவில் வெண்ணெயோ எண்ணெயோ சேராததால் மேலே தடவும் வெண்ணெய் ஆடம்பரம் அல்ல, செய்முறையின் கடைசிப் படி. தித்திப்புக்கும் துவர்ப்புக்கும் நடுவே அந்த உப்பும் சேரும்போதுதான் சுவை முழுமையாகிறது. கேர்ஃபிலி போன்ற இளம் வெள்ளைச் சீஸ் ஒரு துண்டு வைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. குடிப்பதற்குப் பால் டீ பொருத்தம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

வேல்ஸின் குளிரில் இது டப்பாவில் ஒரு வாரம்கூட நன்றாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் வெளியே 2 நாள்தான், பிறகு ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் மாவுச்சத்து வேகமாக இறுகும் என்பதால் ரொட்டி கெட்டிப்படும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ லேசாகச் சூடாக்கினால் பழையபடி மிருதுவாகும். துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வைத்தால் 2 மாதம் வரை எடுத்து எடுத்துச் சாப்பிடலாம்.

கொழுப்பு குறைவு என்பதற்காக இதைப் பத்திய உணவாக எண்ணிவிடக் கூடாது. 14 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சேர்த்த சர்க்கரை சுமார் 10 கிராம், பழத்தின் சர்க்கரை இன்னொரு 14 கிராம். நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேர்க்கும் சர்க்கரையை 100 கிராம் வரை குறைத்தாலும் ரொட்டி நன்றாகவே வரும். அதற்குக் கீழே போனால் சீக்கிரம் உலரும்.

எங்கே தவறக்கூடும்?

ரொட்டி எழும்பவில்லையா? பேக்கிங் பவுடர் பழசாக இருக்கலாம். அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும்; பொங்கவில்லை என்றால் புதிது வாங்குங்கள். அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவில் போட்டுவிடாதீர்கள். அதன் வீரியம் பல மடங்கு. சோப்பு போலக் கைக்கும்.

மேற்புறம் நடுவில் வெடித்திருக்கிறதா? அது குறையே அல்ல. ஓரம் முதலில் இறுகி, நடுப்பகுதி கடைசியில் எழும்புவதால் எல்லா லோஃப் ரொட்டியும் அப்படி வெடிக்கும்.

அடிப்பகுதி கருகுகிறதா? சிறிய ஓ.டி.ஜி. ஓவன்களில் கீழ்க்கம்பி டின்னுக்கு மிக அருகில் இருக்கும். டின்னை ஒரு தட்டின் மேல் வைத்து நடு அடுக்கில் வையுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் ஒரு முட்டைக்கு 3 டேபிள்ஸ்பூன் புளிக்காத கெட்டித் தயிர் சேர்க்கலாம். ரொட்டி சற்று அடர்த்தியாக வரும். சுவையில் குறை இருக்காது. கோதுமை மாவு சேர்க்க விரும்புகிறவர்கள் பாதி மைதாவை மாற்றலாம். அப்போது 2 டேபிள்ஸ்பூன் டிகாஷன் கூடுதலாகத் தேவைப்படும், ஏனென்றால் தவிடு நீரை இழுக்கும்.

பழைய முறையில் சுட விரும்பினால்

டீ வகை கைவந்த பிறகு ஈஸ்ட் வகையையும் ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும். 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 75 கிராம் நாட்டுச் சர்க்கரை, 75 கிராம் வெண்ணெய், 1 டீஸ்பூன் உப்பு, அதே மசாலாக்கள், ஒரு முட்டை, 225 மில்லி வெதுவெதுப்பான பால். எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடம் பிசைந்து மூடிவையுங்கள். சர்க்கரை, வெண்ணெய், பட்டை மூன்றும் ஈஸ்ட்டை மந்தப்படுத்தும். ஆகவே வெறும் ரொட்டியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டு மடங்காகும் வரை பொறுங்கள். டீயில் ஊறவைத்து நன்றாக வடித்து, துணியில் ஒற்றிய பழம் 200 கிராமை அதன் பிறகு சேர்த்து மெதுவாகப் பிசையுங்கள். முதலிலேயே சேர்த்தால் பழம் நசுங்கி மாவு கொழகொழப்பாகும். பெரிய டின்னில் வைத்து மறுபடியும் உப்பவிட்டு, 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் சுட வேண்டும். இது கேக்கைவிட ரொட்டிக்கு நெருக்கமானது. வாட்டி வெண்ணெய் தடவினால் காலை உணவாகவே ஆகும்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், வீட்டில் முதலில் சுட வேண்டியது டீ வகை என்பேன். விலை உயர்ந்த சாமானோ, தேர்ந்த கைப்பழக்கமோ அது கேட்பதில்லை. ஈரம் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பதை அது கற்றுக்கொடுத்துவிடும். பழம் போட்ட எந்த ரொட்டியையும் கேக்கையும் சுட அந்தப் பாடம் உதவும்.

அதனால் நாளைக் கணக்குப் பண்ணி வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பழத்தை டீயில் போடுங்கள். சனிக்கிழமை காலை சுட்டு, ஆறவைத்து, சுற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை டீ போடும்போது வெட்டி, உப்பு வெண்ணெய் தடவி, வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுங்கள்.